எந்தச் சாவுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது?

வணக்கம். இன்றைக்குப் பேசப்போவதை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு" என்று அம்மா அதட்டுவார். வருஷா வருஷம் ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறோம். எந்தச் சாவுக்குப் பணம் வரும், எதற்கு வராது? ஏஜென்ட் "எல்லாத்துக்கும் வரும் சார்" என்பார். டீக்கடையில் கேட்டால் "எதுக்கும் தரமாட்டாங்க" என்பார்கள். இரண்டையும் நம்பாதீர்கள்.

இதோ என் கையில் ஒரு டேர்ம் பாலிசி பாண்ட். டேர்ம் என்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி. கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். 'விலக்குகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பத்தி. அதுவும் தற்கொலையைப் பற்றி மட்டும். மாரடைப்பு, புற்றுநோய், கொரோனா, பாம்புக்கடி, வெள்ளம், கொலை எதையும் இதில் விலக்கவில்லை. உங்கள் பாலிசியிலும் இந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்.

அந்தப் பத்தி என்ன சொல்கிறது? பாலிசி தொடங்கிய 12 மாதத்துக்குள் தற்கொலை நடந்தால் காப்பீட்டுத் தொகை கிடையாது. ஆனால் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் நாமினிக்கு வரும். 12 மாதம் தாண்டிவிட்டால், பாலிசி நடப்பில் இருக்கும்வரை, முழுத் தொகையும் தந்தாக வேண்டும். தற்கொலை என்றாலே எதுவும் வராது என்று நினைத்து, அக்கம்பக்கத்துப் பேச்சுக்கும் பயந்து, கிளைம் ஃபார்ம்கூட வாங்காமல் இருந்துவிடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது மனசு தாங்க முடியாத பாரமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசாங்க உதவி எண், இலவசம். தமிழிலேயே பேசலாம்.

சரி, விலக்கு இவ்வளவுதான் என்றால் கிளைம் ஏன் நிராகரிக்கப்படுகிறது? முக்கியமான காரணம் வேறு ஒரு காகிதத்தில் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ப்ரபோசல் ஃபார்ம்.

என் தெருவில் ஓர் அக்கா. வீட்டுக்காரர் தவறிப்போய், கிளைமை மறுத்துக் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். கூடவே அந்த ஃபார்மின் நகல். 'சர்க்கரை நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக். கடந்த 5 வருஷத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சிகிச்சை எடுத்தீர்களா, அதற்கும் 'இல்லை'. அண்ணனோ பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போட்டவர். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டிலேயே அது இருந்தது. ஃபார்மை நிரப்பிய கையெழுத்து ஏஜென்ட்டுடையது. அடியில் அண்ணனின் கையெழுத்து, தமிழில். ஃபார்ம் முழுக்க ஆங்கிலம். தமிழில் கையெழுத்துப் போடுகிறவருக்கு உள்ளே இருப்பதை விளக்கிச் சொன்னேன் என்று இன்னொருவர் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருக்கும். அதிலும் கையெழுத்து இருந்தது. ஆனால் "எங்கே போடணும்னு விரலை வெச்சுக் காட்டினாங்க, அவர் போட்டாரு. அவ்ளோதான்" என்றார் அக்கா. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தோடு பாலிசி கிடைத்திருக்கலாம். அதை மறைத்ததால் அந்த மனிதருக்கு ஒரு லாபமும் இல்லை.

'படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்' என்ற வாதம் பொதுவாக எடுபடாது. 2019இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அதில் மறைக்கப்பட்டது நோய்கூட இல்லை. வேறு கம்பெனியில் ஏற்கெனவே எடுத்திருந்த பாலிசியைச் சொல்லவில்லை. கிளைமை மறுத்தது சரி என்றுதான் தீர்ப்பு வந்தது. அதனால் வேறு பாலிசி, பிரஷர், ஆபரேஷன், குடிப்பழக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். புகையிலை பற்றிய கேள்வி சிகரெட்டுக்கு மட்டும் இல்லை. பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் அதில் அடக்கம்.

ஏற்கெனவே பாலிசி எடுத்துவிட்டீர்களா? பாண்டோடு உங்கள் ஃபார்மின் நகலும் சேர்த்து வரும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தப்பான பதில் இருந்தால் கம்பெனிக்கு எழுதித் திருத்துங்கள். புது பாலிசி என்றால், பாண்ட் கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பியும் கொடுக்கலாம்.

இதில் நமக்குப் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. 1938ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆவது பிரிவு. 2015இல் திருத்தியபிறகு, 3 வருஷம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. 3 வருஷத்துக்குள் என்றால் கேட்கலாம். ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் ஒரு தகவல் விடுபட்டுப் போய், அதைக் காரணம் காட்டி மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித்தர வேண்டும்.

ஆனால் இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். அந்த 3 வருஷக் கணக்கு, பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆன, அதாவது காலாவதியான பாலிசியை மறுபடி உயிர்ப்பித்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். தற்கொலைக்கான 12 மாதமும் அப்படித்தான். 10 வருஷம் ஒழுங்காகக் கட்டியவர், வேலை மாறி, பழைய சம்பளக் கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பிவிடும். அப்புறம் ரிவைவல் போடுவார். அப்போது கேட்கும் உடல்நலப் படிவத்தை அவசரமாக நிரப்புவார். அந்தப் படிவமும் முதல் ஃபார்ம் அளவுக்கு முக்கியம்.

லேப்ஸ் ஆனது தெரியாமலே ஆள் போய்விட்டால்? மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் இறந்தால், பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அதைத் தாண்டினால் டேர்ம் பாலிசியில் ஒரு பைசா வராது.

கடலுக்குப் போகும் குடும்பங்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து போன பலர் திரும்பி வரவே இல்லை. உடல் கிடைக்காவிட்டால், 7 வருஷம் தகவலே இல்லை என்றானபிறகுதான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே இறந்தார் என்றால் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். காணாமல் போனதும் பிரீமியத்தை நிறுத்தி, பாலிசி லேப்ஸ் ஆனதால் குடும்பத்துக்குத் தொகை கிடைக்காமல் போன வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கஷ்டம்தான், ஆனாலும் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்து விபத்து. பாங்க் பாஸ்புக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்தம் பார்த்திருப்பீர்கள். அது பிரதமரின் சுரக்ஷா பீமா. விபத்துக்கு மட்டும். மாரடைப்புக்கு அதில் வராது. 436 ரூபாய் பிடிப்பது ஜீவன் ஜோதி. அது எப்படி இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும் விபத்துச் சாவுக்குத்தான் கிடைக்கும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். விபத்து என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. மொசாம்பிக்கில் வேலை பார்த்த ஒருவர் மலேரியாவில் இறந்தபோது, கொசு கடித்தது விபத்துதான் என்று குடும்பம் வாதாடியது. 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆயுள் பாலிசியோடு சேர்த்து எடுக்கும் விபத்து ரைடரும், அதாவது கூடுதல் பாதுகாப்பும், தனி. குடித்துவிட்டு வண்டி ஓட்டி இறந்தால் ரைடர் பணம் வராது. ஆனால் அடிப்படைத் தொகை வரும்! யாராவது "குடிச்சிருந்தாரு, ஒண்ணும் கிடையாது" என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

எந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில், தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கே சொல்லும் முடிவு உங்களுக்கு ஏற்புடையதாக இல்லை என்றால், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.