புகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

வணக்கம் நேயர்களே.

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விறகு ஈரமாக இருந்தால் வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். காய்ந்த விறகு கொழுந்துவிட்டு எரிந்தால் புகை குறையும், ஆனால் பாத்திரத்தின் அடியில் கரி அப்பிக்கொள்ளும். காட்டுத் தீயிலும் இதே கதைதான். வெள்ளைப் புகை வெயிலைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கரித்துகள் வெயிலை விழுங்கித் தானும் சூடாகும், சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கும். எந்தக் காட்டுப் புகையிலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

அதனால்தான், காட்டுப் புகை பூமியைக் குளிர்விக்குமா சூடாக்குமா என்று யாராவது கேட்டால், புகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைப்பார்கள். இல்லை, கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், புகையை எப்படி அளக்கிறார்கள்? அக்வா என்ற செயற்கைக்கோள் 2002 மே மாதம் ஏவப்பட்டது. சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதில் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. 36 அலைநீளங்களில் பூமியைப் பார்க்கும். ஆனால் அதற்கு வந்து சேரும் ஒளியில் புகையிலிருந்து வந்தது எவ்வளவு, தரையிலிருந்து வந்தது எவ்வளவு? அதைப் பிரித்தால்தான் அளவு கிடைக்கும்.

இதற்கு நாசாவின் யோரம் காஃப்மன் குழுவினர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. புகைத் துகள் மிகச் சிறியது, ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. நீல ஒளியை அது நன்றாகச் சிதறடிக்கும். ஆனால் 2.1 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளிக்கு அந்தத் துகள் ஒரு பொருட்டே இல்லை. அந்த ஒளியில் பார்த்தால் புகையை ஊடுருவி, கீழே இருக்கும் காடு தெரிந்துவிடும். அடர்ந்த காட்டுக்கு ஒரு குணம் உண்டு: 2.1 மைக்ரானில் எவ்வளவு பிரதிபலிக்கிறதோ, சிவப்பு ஒளியில் ஏறக்குறைய அதில் பாதி, நீலத்தில் கால் பங்கு. ஆக, காட்டின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்தால், மிச்சம் பெரும்பாலும் புகையின் பங்கு. காற்று மூலக்கூறுகளின் சிதறலையும் கழிக்க வேண்டும், அது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. காஃப்மன் 2006-இல் மறைந்துவிட்டார். இந்த வழிமுறை பல மாற்றங்களோடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

சரி, அமேசானுக்கு வருவோம். அங்கே வறண்ட பருவத்தில் மேய்ச்சலுக்கும் விவசாயத்துக்கும் காட்டை வெட்டி எரிக்கிறார்கள். 2002-இல் எடுத்த அக்வா படங்களை வைத்து ஆய்வாளர் இலான் கோரன், காஃப்மன், இன்னும் இருவர் சேர்ந்து ஆராய்ந்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. காற்று சுத்தமாக இருந்த இடத்தில் மதிய நேரத்துப் பஞ்சு மேகங்கள் வானத்தில் 38 சதவீதத்தை மூடியிருந்தன. புகை மிக அடர்ந்த இடத்தில் அவை பூஜ்யம்.

ஏன்? புகை வெயிலை மறித்து விழுங்குவதால் தரைக்கு வெப்பம் குறைகிறது, ஈரம் ஆவியாவதும் குறைகிறது. மேலே புகை நிற்கும் காற்று சூடாகிறது. கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்றால் காற்று மேலெழும்பாது. எழும்பாவிட்டால் மேகம் ஏது? மேகமில்லாத வானத்தில் புகையை மட்டும் பார்த்தால், சதுர மீட்டருக்கு 28 வாட் அளவுக்குக் குளிர்ச்சி. மேகம் காணாமல் போனதையும் சேர்த்துப் பார்த்தால், 8 வாட் சூடு. கழித்தல் கூட்டலாகி, குறியே மாறிவிட்டது!

இங்கே ஒரு எச்சரிக்கை. புகையும் மேகமின்மையும் ஒரே படத்தில் தெரிவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. வறண்ட காற்று வீசும் நாளில் தீயும் அதிகம், மேகமும் குறைவு. இதைப் பிரிப்பதுதான் இந்தத் துறையின் தலைவலி. தொலைவிலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை நம்பி முடிவு சொல்பவரை நான் நம்புவதில்லை. அதனால்தான் தரையிலிருந்தும் சூரியனை நோக்கிக் கருவிகளைத் திருப்பி அளந்து ஒப்பிடுகிறார்கள்.

அப்புறம் ஆப்பிரிக்கா. அங்கோலா, காங்கோ, ஜாம்பியா பக்கம் எரியும் புகை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு மேல் மிதந்து போகிறது. கடல் கருப்பு, அதைவிட வெளிறிய புகை மேலே நின்றால் கூடுதல் வெயில் திரும்பிப் போகும், பூமிக்குக் குளிர்ச்சி. ஆனால் அந்தக் கடலின் பெரும்பகுதியைத் தாழ்ந்த வெண்மேகம் பாய் விரித்தாற்போல் மூடியிருக்கும். வெள்ளை மேகத்தின் மேல் கரி கலந்த புகை நின்றால், மேகம் திருப்பி அனுப்பும் வெயிலையும் கரி விழுங்கிவிடும், அதனால் சூடு. அந்தக் கடல் பகுதியை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, மேகம் மூடிய பரப்பு ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தாண்டினால் குளிர்ச்சி சூடாக மாறும் என்று காட்டியது.

ஆனால் புகை மேகத்துக்கு மேலே இருக்கிறதா, மேகத்துக்குள் கலந்துவிட்டதா என்று சாதாரணப் படத்தில் தெரியாது. அதற்கு லேசர் வேண்டும். 2006 முதல் 2023 வரை காலிப்ஸோ செயற்கைக்கோள் மேலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஒவ்வொரு அடுக்கின் உயரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. இரவிலும் வேலை செய்யும், அதற்குச் சூரிய வெளிச்சமே தேவையில்லை. அந்த வேலையை இப்போது 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் என்ற செயற்கைக்கோள் பார்க்கிறது.

நன்றி, வணக்கம்.