இலை எடை போட்டாச்சுன்னா

நடுவர் ஐயாவுக்கும், இந்தக் குளிரிலும் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் கோத்தகிரி மக்களுக்கும் வணக்கம். "வேலை அழுத்தமா, மலைக்குத் திரும்பி வாங்க, சரியாயிடும்" என்பது எதிரணி வாதம். நண்பர் தைல மரக் காற்று, கேத்தரின் நீர்வீழ்ச்சி, கோடநாடு காட்சி முனை என்று அடுக்கியதைக் கேட்டு, ரூம் புக் பண்ணச் சொல்கிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

2020-இல் கொரோனா வந்தபோது பெங்களூரில் அறையைக் காலி செய்து லேப்டாப்போடு ஊர் வந்தவன் நான். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம்தான் தெரிந்தது, மலை ஏறியது நான் மட்டுமில்லை, மேனேஜரும் கூடவே ஏறியிருக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்கா கால். மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் வைஃபை போகும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றால்தான் போனில் இரண்டு கோடு தெரியும். அங்கே பல் தந்தியடிக்க "ஆம் ஐ ஆடிபிள்?" என்று கத்தியவனிடமா மலைக்காற்றின் மகிமை? கீழே ரோட்டில் காட்டெருமை நின்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கும்.

அதே வீட்டில் என் அம்மா, முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். சுகமான வேலை என்று சொல்ல வரவில்லை. அட்டை கடித்த தழும்பும் முட்டி வலியும் இன்னும் இருக்கின்றன. ஆனால் சாயங்காலம் மூட்டையைத் தராசில் மாட்டி, நோட்டில் கிலோவை எழுதியாச்சுன்னா அன்றைய வேலை முடிந்தது. ராத்திரி பத்து மணிக்கு யாரும் கதவைத் தட்டி "அவசரமா இன்னும் ரெண்டு கிலோ" என்று கேட்டதில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு இருந்தது, தாண்டினால் இரட்டிப்புக் கூலி. என் வேலைக்குத் தராசு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்ன கணக்கு இது: வாரம் 35, 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். ஆறாயிரம் அடி உயரத்தில் இருந்தால் தள்ளுபடி என்று அதில் போடவில்லை.

"மனசுதான் காரணம், யோகா பண்ணுங்க" என்றார் எதிரணி அக்கா. பண்ணினேன் அக்கா. சவாசனத்தில் படுத்திருக்கும்போதே ஆபீஸ் போன் கால் வந்தது! பிரான்சில் ஆல்ப்ஸ் மலையே இருக்கிறது, ஆனாலும் மலையை நம்பி உட்காராமல், வேலை நேரம் முடிந்தால் தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்கு 2016-இல் சட்டம் போட்டு, 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

மணி அடிக்கக் கை போய்விட்டது, முடிக்கிறேன் ஐயா. இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து எதிரணி நண்பர் மேஜைக்கு அடியில் மூன்று முறை போனைப் பார்த்துவிட்டார். நாளைக் காலை ஒன்பது மணி வரைக்கும் அதை உங்களிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டால் நான் தோற்றதாக இங்கேயே எழுதிக் கொடுக்கிறேன்.