சீசன் முடியுது: திருகோணமலையில என் முதல் வேலை

வணக்கம் எல்லாருக்கும். நல்லா இருக்கீங்களா? காத்து அடிக்கிறதால சத்தம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கங்க. இன்னைக்கு எனக்கு ஆஃப் நாள். உப்புவெளி கடற்கரையில நடந்துக்கிட்டே கதைக்கப் போறேன்.

கேமராவைத் திருப்புறேன், கடலைப் பாருங்க. ஆவணி மாசம் வீடியோ போட்டப்ப குளத்துத் தண்ணி மாதிரி கிடந்த கடல் இது. இப்ப ஐப்பசி வந்துருச்சு, அலை எழும்ப ஆரம்பிச்சிருச்சு. இனி வாடைக் காத்து இறங்கினா மழைதான். நிலாவெளியில இருந்து புறாத் தீவுக்குப் போற படகெல்லாம் கரையில ஏறிரும். வெளிநாட்டு ஆட்கள் தெற்குப் பக்கம் போயிருவாங்க. சீசன் முடியுது.

இதை எதுக்கு முதல்ல சொல்றேன்னா, நிறைய தங்கச்சிமார், தம்பிமார் கேக்குறது ஒரே கேள்விதான். "அக்கா, படிச்சு முடிச்சிட்டேன், திருகோணமலையில வேலை கிடைச்சிருக்கு, தனியா போய் சமாளிக்கலாமா?" சமாளிக்கலாம். ஆனா இந்த ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு காலம் இருக்கு. சித்திரையில இருந்து புரட்டாசி வரைக்கும் ஒரு வாழ்க்கை, ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் இன்னொரு வாழ்க்கை. சம்பளம், லீவு, வீட்டு நினைப்பு எல்லாமே அந்தக் கணக்குலதான் ஓடுது. ஒரு காலத்தை மட்டும் பார்த்துட்டு வாழ்க்கைய அமைச்சா மத்த காலம் இறுக்கிப் பிடிச்சிரும்.

புதுசா பார்க்கிறவங்களுக்கு: எனக்கு ஊர் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டியில கணக்கியல் உயர் டிப்ளோமா முடிச்சிட்டு, சித்திரை வருஷம் பிறந்த கையோட இங்க ஒரு ஹோட்டல்ல கணக்குப் பிரிவுல சேர்ந்தேன். கண்டியில இருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். எனக்கு அதுக்கு முன்னால ஹட்டன்ல இருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். காலையில முதல் பஸ்ஸப் பிடிச்சாத்தான் பொழுது சாயிறதுக்குள்ள வந்து சேரலாம். ராத்திரி வராதீங்கன்னு ஏன் சொல்றேன்னா, ஹபரணை தாண்டி கந்தளாய் வரைக்கும் ரோட்டுல யானை நிக்கும். எல்லா டிரைவர்மாரும் சொல்ற விஷயம் அது.

சூட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். ஹட்டன் கடல் மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கும் மேல. பிறந்ததுல இருந்து ஸ்வெட்டரோட வளர்ந்த ஆளு நான். இங்க வைகாசி, ஆனியில மேற்குப் பக்கமா இருந்து கச்சான் காத்து அடிக்கும். தரை முழுக்கக் காய்ஞ்சு வர்ற சூட்டுக் காத்து. காத்து வந்தாலே குளிரும்னு பழகின உடம்புக்கு, காத்தே சுடுறது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. போர்டிங் அன்ரிதான் சொல்லித் தந்தாங்க. "பிள்ளை, பகல்ல கச்சான் வாற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கோ, பின்னேரம் கடல் பக்கம் திறவுங்கோ." அறை இருக்கக்கூடிய மாதிரி ஆனது அதுக்கு அப்புறம்தான். அறை பார்க்கும்போது நீங்களும் ஜன்னல் எந்தப் பக்கம்னு பாருங்க. மேற்குச் சுவர் வெயில் வாங்கினா ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவர் சூடு விடாது. தண்ணி குழாய்த் தண்ணியா கிணத்துத் தண்ணியான்னு கேளுங்க. கரையோரத்துல சில கிணறு உப்பு, தலைமுடி தாங்காது. குழாய்த் தண்ணி கந்தளாய்ல இருந்து வருது, அது நல்ல தண்ணி. கரண்ட் பில்லு வாடகைக்குள்ளயா வெளியிலயான்னு முதல்லயே பேசிக்கங்க, ஏன்னா இங்க ஃபேன் இல்லாம ஒரு ராத்திரியும் படுக்க முடியாது.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். இதைத்தான் நிதானமா சொல்லணும்னு நினைச்சேன்.

ஹோட்டல் பில்லுல 10 வீதம் சேவைக் கட்டணம்னு ஒரு தொகை சேர்த்திருக்கும். அந்தக் காசைச் சேர்த்து மாசா மாசம் வேலை செய்றவங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. எங்க இடத்துல ஒவ்வொருத்தருக்கும் பொயின்ட் இருக்கு, அதுப்படி பிரியும். அறை நிறைஞ்சா அந்தக் காசு கூடும், அறை காலியானா குறையும். ஆடி, ஆவணியில கையில வர்ற சம்பளத்தைப் பார்த்தா மனசு நிறைஞ்சு போகும். அடிப்படைச் சம்பளத்தோட இன்னொரு பெரிய தொகை சேர்ந்து வரும். அந்த நேரத்துலதான் நம்ம வயசு ஆட்கள் தவணைக்கு பைக் எடுக்கிறது, பெரிய போன் எடுக்கிறது. கார்த்திகையிலயும் அந்தத் தவணை வரும், ஆனா அந்தக் காசு வராது. என்கூட வேலை செய்ற மூத்தவங்க எல்லாரும் முதல் வாரத்துலயே எனக்குச் சொன்னது இதுதான்: வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புற காசு, இந்த மூணும் அடிப்படைச் சம்பளத்துக்குள்ள அடங்கணும். சேவைக் கட்டணக் காசு தனிக் கணக்குல கிடக்கட்டும். நான் அப்படியே செஞ்சேன். இப்ப அடைமழை வரப்போகுதுன்னு பயம் இல்லாம உங்க முன்னால கதைக்கிறேன்னா அதுக்குக் காரணம் அந்தக் கணக்குதான்.

அடுத்தது ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்ல, வீட்டுல பேசிப் பேசி வளர்ந்திருப்போம். என் ஆச்சி வேலையில இருந்து நின்னப்ப வந்த ஈபிஎஃப் காசுலதான் எங்க வீட்டுக்குக் கூரை மாத்தினாங்க. அதனால சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நான் முதல்ல தேடினது அந்தப் பதிவைத்தான். உங்க சம்பளத்துல 8 வீதம் கழிப்பாங்க, முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போடணும். அது போக ஈடீஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, 3 வீதம், அதையும் முதலாளிதான் போடணும். ஒரு பேச்சுக்கு 50,000 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தா, உங்ககிட்ட 4,000 போகும், அவங்க 6,000 போடுவாங்க, உங்க பேர்ல மாசம் 10,000 சேரும், ஈடீஎஃப்ல தனியா 1,500. அந்த 12 வீதத்தை உங்க சம்பளத்துல கழிக்க யாருக்கும் உரிமை இல்ல. உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு எழுதி வச்சுக்கங்க, நமக்கு ஏதும் ஆனா அந்தக் காசு யாருக்குப் போகணும்னு எழுதுற பின்னுரித்தாளர் படிவத்துல யார் பேரைப் போடணுமோ மறக்காம போடுங்க. அந்தப் பேர் எழுதுற இடத்துல எங்க அம்மா பேரை எழுதினப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கொழுந்துக் கூடைய இறக்கி வச்சிட்டு வந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துப் படிக்க வச்சவங்க.

லீவு பத்திக் கேட்டிருந்தீங்க. கடை, அலுவலக ஊழியர் சட்டம்னு 1954ல வந்த சட்டம் இருக்கு, நம்மள மாதிரி அலுவலகத்துல இருக்கிறவங்களுக்கு அதுதான். முதல் வருஷம் ரெண்டு மாசம் முடிய ஒரு நாள்னு சாதாரண லீவு மட்டும்தான். வருஷாந்த லீவு அடுத்த வருஷம்தான் தொடங்கும். அதுவும் நீங்க எப்ப சேர்ந்தீங்கங்கிறதைப் பொறுத்தது: தை முதல் பங்குனிக்குள்ள, அதாவது ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் சேர்ந்திருந்தா 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன்னா 10, ஜூலை முதல் செப்டெம்பர்னா 7, ஒக்டோபருக்குப் பிறகுன்னா 4. எனக்கு அடுத்த வருஷம் 10 நாள். நியமனக் கடிதத்தைக் கையில வாங்காம வேலையைத் தொடங்காதீங்க, அதைக் குடுக்க வேண்டியதும் சட்டப்படி முதலாளியோட கடமை.

அப்ப பாருங்க, லீவு கொஞ்சம், தூரம் அதிகம், சீசன்ல ஆஃப் நாள் கிடைக்கிறதே பெரிசு. ஊருக்குப் போக முடியாது. அதனால நான் அம்மாவை இங்க கூப்பிட்டேன். ஆடியில வந்தாங்க. தனியா, ரெண்டு பஸ் மாறி, கரட், லீக்ஸ், தேயிலைத்தூள்னு ஒரு உரப்பை நிறைய தூக்கிக்கிட்டு. பஸ் ஸ்டாண்டுல நான் கட்டிப்பிடிச்சப்ப அம்மா முதல்ல சொன்னது "என்னாடி இம்புட்டுக் கறுத்துப் போயிட்ட".

என் ஆஃப் நாள்ல கோணேசர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால நுழைஞ்சுதான் மேல நடக்கணும். பழைய கோயிலை இடிச்ச போர்த்துக்கேயர் அந்தக் கல்லை எடுத்துத்தான் இந்தக் கோட்டையக் கட்டினாங்கன்னு சொன்னேன். அம்மா அந்தச் சுவர்ல கை வச்சுக் கும்பிட்டாங்க. நான் அதுக்கு முன்னால எத்தனையோ தடவை அந்த வழியால போயிருக்கேன், எனக்கு அது தோணவே இல்ல. உள்ள புள்ளிமான் நிறைய நிக்கும், ஆளைக் கண்டு பயப்படாது. ஒண்ணு வந்து அம்மா கையில இருந்த அர்ச்சனைத் தட்டுல வாழைப்பழத்தை இழுத்திருச்சு. அம்மா விட்டுக் குடுத்துட்டாங்க. மேல மலை விளிம்புல, இராவணன் வெட்டுக்குப் பக்கத்துல நின்னு அவங்க கடலைப் பார்த்தது நீண்ட நேரம். அம்பது வயசுக்கு மேல அன்னைக்குத்தான் அம்மா கடலைக் கண்டாங்க. வர்றவங்க எல்லாரும் முடிஞ்சா சீசன்லயே வீட்டு ஆட்களை ஒரு தடவை கூப்பிடுங்க. கடலும் அமைதியா இருக்கும், நம்ம எங்க இருக்கோம், எந்தக் கட்டில்ல படுக்கிறோம், யார் சாப்பாடு குடுக்கிறாங்கன்னு அவங்க கண்ணால பார்த்துட்டுப் போகட்டும். அன்னைக்கு ராத்திரி அம்மாவும் போர்டிங் அன்ரியும் குசினியில உக்காந்து விடிய விடியக் கதைச்சாங்க. அன்ரி பாரை மீன் குழம்பு, அம்மா லீக்ஸ் வறை. அதுக்கப்புறம் நான் ரெண்டு நாள் போன் எடுக்கலைன்னா அம்மா நேரா அன்ரிக்கு எடுக்கிறாங்க.

வேலை செய்ற ஆட்களைப் பத்தி கவலைப்படாதீங்க. கந்தளாய்ல இருந்து வர்ற சிங்கள அக்கா, கிண்ணியாவில இருந்து வர்ற முஸ்லிம் அண்ணன் (நானான்னுதான் கூப்பிடுவோம்), நிலாவெளி அண்ணன்மார், எல்லாரும் ஒரே மேசையில சாப்பிடுறோம். நானா எருமைத் தயிர் கொண்டு வருவார். சிங்களம் கொஞ்சம் தெரிஞ்சிருந்தா நல்லது, எனக்குக் கண்டியில படிச்சது உதவுது. மீன்காரர் பில்லைப் பார்த்துப் பார்த்து அறுக்குளா, சூரை, விளைமீன், கணவாய்னு எல்லாம் பழகிட்டேன். எங்க லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வர்றது நெத்தலியும் சாளைக் கருவாடும்தான்.

இனி வரப்போற காலத்தைப் பத்தித்தான் எனக்கு அக்கறை. சீசன்ல அழ நேரமே இருக்காது, கணக்கு முடிக்கவே ராத்திரி ஆயிரும். இப்ப நேரம் வந்திருச்சு, அறையில தனியா இருக்கிற பின்னேரம் வந்திருச்சு. வீட்டு நினைப்பு வர்றது இப்பத்தான். மழை பெய்யுது, ஹட்டன் மழை மாதிரி சத்தம், கண்ணை மூடினா லயத்துக் கூரை. அதனால இந்தக் காலத்துக்குன்னு வேலை ஒதுக்கி வச்சிருக்கேன். கணக்கியல் தொழில்முறைப் பரீட்சைக்குப் பதிஞ்சிட்டேன், சேவைக் கட்டணக் காசுல இருந்துதான் கட்டணம் கட்டினேன். ஞாயிறு காலையில கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குப் போறேன். ஏழு கிணறு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சூடு. ஊர்ல விறகு வச்சுத் தண்ணி காய வச்சு குளிச்ச ஆட்களுக்கு, நிலமே காய்ச்சித் தர்ற தண்ணிய வாளியில அள்ளி ஊத்துறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மழை நாள்ல போங்க, கூட்டமும் குறைவு.

தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்களான்னு கேட்டவங்களுக்கு: போறேன். சீசன் முடிஞ்சதால கேட்ட லீவு கிடைச்சிருச்சு. அம்மாவுக்குச் சேலை எடுத்தாச்சு, தம்பிக்கு சப்பாத்து இன்னும் எடுக்கல, அளவு அனுப்பச் சொல்லியிருக்கேன். திரும்பி வந்ததும் வருஷக் கடைசி ஸ்டோர் கணக்கெடுப்பு இருக்கு.

இங்க வேலை தேடுறவங்களுக்கு ஒரு விஷயம். எங்க இடத்துல புது ஆள் எடுக்கிறது சீசன் தொடங்குறதுக்கு முன்னால, மாசி, பங்குனியில. இப்பவே விண்ணப்பத்தைத் தயார் பண்ணுங்க. கணக்குப் பக்கம் வர்றவங்க எக்செல் நல்லாப் பழகிட்டு வாங்க. நேர்முகத்துல அடிப்படைச் சம்பளம் எவ்வளவுன்னு தனியாக் கேளுங்க, போன வருஷம் மார்கழியில சேவைக் கட்டணம் எவ்வளவு பிரிஞ்சதுன்னும் கேளுங்க. தயங்காதீங்க, அது நியாயமான கேள்வி. பொம்பளப் பிள்ளைகள் தங்குற இடம் பத்தி என்கிட்ட கேக்கலாம், தெரிஞ்ச அளவுக்கு விசாரிச்சுச் சொல்றேன். சரி, மழை தூறுது, கேமராவை மூடணும். வர்றேன்.