இந்தப் பாட்டைக் கட்டினது யாரு? மரம் வெட்டின ஜோ ஸ்கொட்டும் நம்ம மலையகப் பாட்டுகளும்

[திரையில்: பழைய கோப்பித் தோட்டப் படம். இசை வேண்டாம், குரல் மட்டும்.]

கோப்பி பறிக்கும்போது ஒரே ஒரு பழம் கை தவறிப் போச்சு. அதுக்குச் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி அதிகாரி, உதைச்சான். பாட்டு இவ்வளவுதான். மலையகத்துல வேர் இருக்கிற ஆட்கள்ல முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்டிருப்பீங்க. 1869ல இலைநோய் வந்து, அடுத்த 20 வருசத்துக்குள்ள இலங்கையில கோப்பியே முடிஞ்சு போச்சு. செடி போச்சு, துரை போனான், உதை வாங்கின ஆளும் போயாச்சு. பாட்டு மட்டும் நிக்குது.

சரி, அதைக் கட்டினது யாரு?

தெரியாது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் 'நாட்டார் பாடல்'னு போட்டிருக்கும். பெயர் வர வேண்டிய இடம் காலி.

இப்ப இன்னொரு ஆளைக் காட்டுறேன். அவரும் தோட்டக்காடு மாதிரி ஒரு இடத்துல கூலிக்கு வேலை செஞ்சவர். மரம் வெட்டினார், பாட்டுக் கட்டினார். அவர் எந்த ஊர்ல பிறந்தார், யாரைக் காதலிச்சார், எந்த விபத்தைப் பார்த்து எந்தப் பாட்டைக் கட்டினார், எந்த ஆஸ்பத்திரியில செத்தார், எல்லாம் இன்றைக்குத் தெரியும். அவரைப் பற்றி 1978ல ஒரு தடிச்ச புத்தகமே வந்தது. ஒரு தொழிலாளிக்குப் பெயர் எப்படித் தங்குச்சு, மற்றவருக்கு ஏன் தங்கல? இந்த வீடியோ முழுக்க அதுதான்.

வணக்கம் மக்களே, கொழும்பிலிருந்து கதைக்கிறேன். புதுசா வந்தவங்க சப்ஸ்கிரைப் பண்ணிட்டு இருங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு வேலை கேட்கப் போறேன், அதுக்கு முன்னால ஓடிடாதீங்க.

[திரையில்: கனடா, அமெரிக்க எல்லை வரைபடம்.]

அவர் பெயர் ஜோ ஸ்கொட். கனடாவுல நியூ பிரன்ஸ்விக் மாகாணம், வுட்ஸ்டொக் பக்கத்துக் கிராமம். பிறந்த வருசம் 1867. கொஞ்சம் நில்லுங்க, 1867! அதே வருசம்தான் இலங்கையில ஜேம்ஸ் டெயிலர்ங்கிற தோட்டத்துரை லூல்கந்துரத் தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்கு அந்த வருசத்தைப் பார்த்ததும் ஒரு சந்தோசம்.

இளந்தாரியா இருக்கும்போதே எல்லை தாண்டி அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துக் காட்டுக்கு வேலைக்குப் போறார். அங்க வேலை எப்படின்னா, குளிர்காலம் முழுக்க மரத்தை வெட்டுறது, குதிரை பூட்டின சறுக்கு வண்டியில ஏற்றி, பனி மேல இழுத்துட்டுப் போய் ஆற்றங்கரையில குவிக்கிறது, பனி உருகி ஆறு பெருகினதும் கட்டைகளைத் தண்ணியில தள்ளி ஆலைக்கு அனுப்புறது. அவ்வளவுதான், வேலையைப் பற்றி இதுக்கு மேல இழுக்கல.

இராத்திரிதான் எனக்குப் பிடிச்ச பகுதி. மாசக்கணக்குல ஆம்பிளைங்க மட்டும் அடைஞ்சு கிடக்கிற மரக் கொட்டில். வரிசையாப் படுக்கை. படுக்கைக்கு முன்னால, மரத்தை நெடுக்காப் பிளந்து செஞ்ச நீள வாங்கு. அதுக்கு 'டீக்கன் சீட்'னு பெயர். சனிக்கிழமை இராத்திரி அதுல உட்கார்ந்துதான் பாட்டு. பக்கவாத்தியம் கிடையாது, கூடச் சேர்ந்து பாட ஆளும் கிடையாது. ஒருத்தர் பாடுவார், மற்ற எல்லாரும் கேட்பாங்க.

இங்க ஒரு வழக்கம் இருந்திருக்கு, கேளுங்க. பாட்டோட கடைசிச் சொற்களை அவங்க பாட மாட்டாங்க. அதுவரைக்கும் இழுத்துப் பாடிட்டு வந்து, அந்த ஒன்றிரண்டு சொல்லை மட்டும் சும்மா பேசுற குரல்ல சொல்லி நிறுத்திடுவாங்க. பாட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் செத்தவனோட குரல்லயும் கொலைகாரனோட குரல்லயும் பாடின மனுசன், அந்த இடத்துல மறுபடியும் பக்கத்துப் படுக்கைக்காரனா ஆகிடுறான். கைதட்டலை விட எனக்கு இது பெரிசாத் தெரியுது. நம்ம பாட்டிமார்கிட்டயும் இப்படி ஏதாவது பழக்கம் இருக்கா? ஒப்பாரி சொல்றவங்க எப்படி நிறுத்துறாங்க, தாலாட்டு எந்த இடத்துல முணுமுணுப்பா மாறுது? கவனிச்சவங்க கமெண்ட்ல எழுதுங்க, நான் உண்மையாத்தான் கேட்கிறேன்.

[திரையில்: சாணித்தாள் நிறத்துல ஒரு துண்டுப் பிரசுரம், பெரிய எழுத்து.]

அடுத்தது வியாபாரம். ஜோ ஸ்கொட் பாட்டைக் கட்டிப் பாடினதோட நிற்கல. அச்சடிச்சார். ஒரு தாள்ல ஒரு பாட்டு, விலை 10 சதம். கொட்டில் கொட்டிலாப் போய், தானே பாடிக் காட்டி விற்றார்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு யாரு ஞாபகத்துக்கு வர்றாங்க? எனக்குச் சிந்துப் புத்தகக்காரர்தான். கொலைச்சிந்து! இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன், பொறுத்துக்கங்க.

ஒரு ஊர்ல கொலை நடக்கும். இல்லாட்டி ரயில் கவிழும், வெள்ளம் வரும், புயல் அடிக்கும். சில நாள்ல ஒரு புலவர் அதைச் சிந்து மெட்டுல கட்டிடுவார். மட்டமான தாள், அப்பின மை, சில பக்கம். சந்தையிலயும் ரயில்லயும் திருவிழாவுலயும் ஒருத்தர் நின்று அதைப் பாடுவார். முக்கியமான கட்டம் வரும்போது நிறுத்திடுவார். மிச்சம் வேணுமா, புத்தகத்தை வாங்கு! சென்னையில குஜிலிக் கடைத்தெருவுல இப்படி அச்சானது கணக்கு வழக்கில்லாமல் இருக்கு. நம்ம மலைநாட்டுக் கடைவீதிகள்லயும் பாட்டுப் புத்தகத்தைப் பாடி விற்றவங்க இருந்தாங்க. எழுத்துத் தெரியாதவங்களும் வாங்கினாங்க. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, யாராவது ஒருத்தருக்கு வாசிக்கத் தெரிஞ்சாப் போதும், நாலு வீட்டுக்குப் பாடமாகிடும்.

ஜோ ஸ்கொட் செஞ்சது அச்சு அசல் இதே தொழில்தான். 1897ல கை ரீட்னு ஒரு தொழிலாளி, ஆற்றங்கரையில மலை மாதிரி குவிச்ச கட்டைகளைச் சரிச்சு விடும்போது, கட்டை உருண்டு நசுங்கிச் செத்துப் போனார். ஜோ ஸ்கொட் அதைப் பாட்டாக் கட்டினார். அதே வருசம் விடுதி அறையில ஒருத்தர் தூக்குப் போட்டுக்கிட்டார். அதுவும் பாட்டாச்சு. பக்கத்து மாநிலத்துல, பெர்லின்னு ஒரு ஆலை ஊர்ல, ஒருத்தன் பெண்சாதியைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கொலைகாரனே சிறைக்குள்ள இருந்து சொல்ற மாதிரி ஒரு பாட்டு. இதுக்குக் கொலைச்சிந்துன்னு பெயர் வைக்காமல் வேற என்ன வைக்கிறது? ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்படாத இரண்டு உலகம். இரண்டுலயும் மலிவான அச்சு இருந்தது, சில்லறைக் காசு இருந்தது, உழைச்சுக் களைச்ச சனம் இருந்தது, கூட நின்றவன் செத்த துக்கம் இருந்தது. அந்த நாலும் சேர்ந்தால் இந்தத் தாள் பிறந்திடும் போல.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிடுறேன். இந்தப் பாட்டுகளைக் 'காசுக்குக் கட்டினது, இலக்கியமில்லை'ன்னு நம்ம படிச்சவங்க ரொம்ப நாள் ஒதுக்கி வைச்சாங்க. அது பெரிய அநியாயம். பத்திரிகையில ஒரு மூலையில நாலு வரியா வந்த ஒரு கூலியாளோட சாவை, தலைமுறை தலைமுறையாக் கண்ணீரோட பாட வைச்சது அந்த 10 சதத் தாள்தான்.

ஜோ ஸ்கொட்டோட ஆகப் பிரபலமான பாட்டு அவர் சொந்தக் கதை. கல்யாணம் நிச்சயமான பெண் விலகிப் போயிட்டாள். பாட்டுல அவள் தங்க மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கிறாள். மெய்ன்லயும் கனடாவோட கிழக்குக் கரையிலயும் இதைப் பாடாத கொட்டில் குறைவு.

1918ல அகஸ்டா நகரத்து மனநல ஆஸ்பத்திரியில செத்தார். இனி அவரைத் தேடின ஆள்.

[திரையில்: சுருள் நாடா ஒலிப்பதிவுக் கருவி சுழல்கிறது.]

எட்வர்ட் ஐவ்ஸ், 1925ல பிறந்தவர், 2009 வரைக்கும் இருந்தார். மெய்ன் பல்கலைக்கழகத்துல படிப்பிச்சவர். ஜோ ஸ்கொட் செத்து 40 வருசம் கழிச்சுத் தேடக் கிளம்புறார். என்ன செஞ்சார்னா, பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார்: இந்தப் பாட்டு தெரிஞ்சவங்க, இந்த மனுசனைத் தெரிஞ்சவங்க இருந்தால் எனக்கு எழுதுங்க. கிழவர்கள் எழுதினாங்க. டேப் ரெக்கோடரைத் தூக்கிட்டு ஒவ்வொரு வீடாப் போனார்.

அவருக்கு முன்னால பாட்டுத் திரட்டின பல பேர் வரிகளை மட்டும் எழுதிட்டு வந்துட்டாங்க. பழைய பாட்டு கிடைச்சாப் போதும்னு இருந்தாங்க. ஐவ்ஸ் கேட்ட கேள்வி வேற: இதைக் கட்டினது யாரு, அந்த ஆள் எப்படிப்பட்டவர்? இதே கேள்வியை வைச்சு லாரி கோர்மன்னு இன்னொரு பாட்டுக்காரரையும் தேடிப் பிடிச்சார். 1846ல பிறந்து 1917ல செத்த கோர்மன் நம்ம காளமேகம் வகை. அவர் வாயில விழுந்தால் ஊர் சிரிக்கும்னு பயந்தாங்களாம்.

ஜோ ஸ்கொட்டைப் பற்றிக் கிழவர்கள் சொன்னது ஒன்றோட ஒன்று ஒட்டாத கதைகள். மோதிரம் திரும்பி வந்த துக்கத்துலதான் புத்தி பேதலிச்சுதுன்னு பலர் சொன்னாங்க. ஆனால் பதிவுகளைப் பார்த்தால், காதல் முறிஞ்சது 1890களோட நடுப்பகுதி. அதுக்குப் பிறகு மனுசன் வேற கல்யாணம் செஞ்சிருக்கார், 20 வருசத்துக்கு மேல உயிரோட இருந்திருக்கார். அப்ப கிழவர்கள் சொன்னது பொய்யா? ஐவ்ஸ் அப்படித் தூக்கிப் போடல. பதிவு சொல்றதையும் வைச்சார், சனம் சொல்றதையும் வைச்சார். ஏன் இப்படிச் சொல்றாங்கன்னும் யோசிச்சார். அந்தப் பாட்டைப் பாடின ஒவ்வொருத்தருக்கும், பாட்டுக்குத் தகுந்த ஒரு முடிவு அந்த மனுசனுக்கு வேணும்னு இருந்திருக்கு. ஞாபகம் பிழைச்ச இடத்துலதான் அன்பு தெரியுது. அதனாலதான் எனக்கு ஐவ்ஸைப் பிடிச்சிருக்கு.

[திரையில்: கொழுந்துக் கூடை, லயம், தப்பு மேளம்.]

நம்ம பக்கம் யாருமே செய்யலன்னு சொன்னால் அது பாவம். சி.வி. வேலுப்பிள்ளை, மடக்கும்புரத் தோட்டத்துல பிறந்தவர், 1947ல தலவாக்கலைக்கு எம்.பி. ஆனவர், தொழிற்சங்கக்காரர். மலைநாட்டு மக்கள் பாட்டுகளைத் திரட்டினார், அது புத்தகமாவும் வந்தது. அவர் இல்லாட்டி நம்ம கையில பாதி இருக்காது. மீனாட்சியம்மை பெயரும் தங்கியிருக்கு. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டின நடேசய்யரோட மனைவி. கூட்டத்துல முதல்ல அம்மா பாடுவாங்க, சனம் கூடினதும் அய்யர் பேசுவார். 1940ல அவங்க பாட்டுகள் அச்சாச்சு, அதனால கட்டினவங்க யாருன்னு நமக்குத் தெரியும்.

மற்றவங்க? கொழுந்து எடுக்கும்போது கங்காணியைக் கிண்டல் பண்ணின பெண், பிள்ளையைப் புதைச்ச அன்றைக்கு ஒப்பாரி சொன்ன தாய், காமன் கூத்துக்கு வருசா வருசம் புது வரி சேர்த்த கூத்து மாஸ்டர். இவங்களையெல்லாம் 'மக்கள்'னு ஒரே சொல்லுக்குள்ள போட்டு மூடிட்டோம். மக்கள் கூட்டமா நின்று பாட்டுக் கட்ட மாட்டாங்க. முதல் வரி யாரோ ஒருத்தர் வாயில இருந்துதான் வந்திருக்கு. கோப்பிக்காலத்து ஆளை இனிக் கண்டுபிடிக்க முடியாது. உங்க அம்மாச்சி காலத்து ஆளை இன்னும் கண்டுபிடிக்கலாம்.

இதுதான் நான் கேட்கிற வேலை. கொட்டாஞ்சேனையில, வெள்ளவத்தையில, புறக்கோட்டைக் கடைகள்ல இருந்து இந்த வீடியோ பார்க்கிறவங்கள்ல எத்தனையோ பேருக்கு ஹட்டன்லயோ மஸ்கெலியாவுலயோ பதுளையிலயோ ஒரு வீடு இருக்கு. தீபாவளிக்குப் போவீங்க. டேப் ரெக்கோடர் தேவையில்லை, போன் இருக்கு. பதிவைத் தொடங்கின உடனே உங்க வாயால சொல்லுங்க: இன்றைக்குத் தேதி இது, பாடுறவர் பெயர் இது, தோட்டம் இது, டிவிசன் இது. ஐவ்ஸ் தன் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்கள்ல இதுவும் ஒன்று. எழுதி வைச்ச துண்டு தொலையும், குரலோட சேர்ந்த பெயர் தொலையாது. டிவியை நிறுத்திடுங்க. நடுவுல வரி பிழைச்சால் திருத்தாதீங்க. பாடி முடிஞ்சதும் போனை நிறுத்தாமல் கேளுங்க: அம்மாச்சி, இதை யாருகிட்டப் பழகினீங்க? அவங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது? கட்டினது யாருன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா, அந்த ஆள் எந்த லயம், எப்படி இருப்பார்? பாட்டு நாலு நிமிசம்னா இந்தக் கதை நாற்பது நிமிசம் போகட்டும், குறுக்கே பேசாதீங்க.

அவங்க சம்மதம் கேட்காமல் எதையும் நெட்ல போடாதீங்க. ஒப்பாரின்னா செத்தவர் குடும்பத்துக்கிட்டயும் ஒரு சொல் கேளுங்க.

கொலைச்சிந்துக்கு மட்டும் தனி வீடியோ ஒன்று அடுத்ததா வருது. உங்க வீட்டுப் பெட்டியில பழைய சிந்துப் புத்தகம் ஏதாவது கிடந்தால் முகப்பைப் படம் எடுத்து அனுப்புங்க, புலவர் பெயரும் அச்சகத்துப் பெயரும் தெரியிற மாதிரி எடுங்க.