ஒரு சொல்லை மாற்றி ஒரு கட்சி: சத்தியவாணி முத்து

[திரையில்: தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கைகள்]

கணவரை இழந்த பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் தமிழ்நாடு அரசிடம் இலவசத் தையல் இயந்திரம் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். அந்தத் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையாரின் நினைவாகப் பெயரிடப்பட்டது. சென்னையில் கூவம் கரையை ஒட்டி, தீவுத்திடலுக்குப் பக்கத்தில் இருந்த குடியிருப்புக்கும் அவர் பெயர்தான். பெயரை அறிந்தவர்கள் ஏராளம். ஆனால், அவர் ஒரு கட்சியைத் தொடங்கியவர் என்பது பெரம்பூரிலேயே இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வருத்தத்தில்தான் இந்த வீடியோவை எடுத்தோம்.

[திரையில்: பெரம்பூர், ரயில்வே பணிமனைப் பகுதி]

1923-இல் பிறந்தவர். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை அண்ணா தொடங்கிய காலத்திலிருந்தே அதில் இருந்தவர். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தை மக்கள் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தார்கள். குழந்தை பாதி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். தோல் பதனிடுபவரின் மகனுக்கும் துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கும் இதற்கு என்ன பொருள் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதை எதிர்த்துப் போராடியவர்களில் சத்தியவாணி முத்துவும் ஒருவர். மறு ஆண்டு காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

1957-இல் திமுக முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்துப் பதினைந்து இடங்களில் வென்றது. அவற்றில் ஒன்று பெரம்பூர், அங்கே வென்றவர் சத்தியவாணி முத்து. 1962-இல் அவர் தோற்றார், 1967-இல் மீண்டும் வென்றார். அண்ணாவின் முதல் அமைச்சரவையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஒரே பெண் இவர். ஹரிஜன நலம், செய்தி ஆகிய துறைகள் அவரிடம் இருந்தன.

அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென்றே ஓர் அமைச்சர் இருந்த ஆட்சியில் இது நடந்தது. அந்தப் பொறுப்பில் இருந்தவர் என்ற வகையில் இந்தக் கேள்வி சத்தியவாணி முத்துவையும் விடாது. அவரை மதிக்கிறேன் என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

[திரையில்: 1974]

அண்ணாவின் மறைவுக்குப் பிறகும் அவர் அமைச்சராகத் தொடர்ந்தார். ஆனால், கட்சிக்குள் தாழ்த்தப்பட்டோருக்கு உரிய இடம் இல்லை என்ற குற்றச்சாட்டு அவரிடம் வளர்ந்துகொண்டே வந்தது. 1974-இல் பதவியையும் கட்சியையும் விட்டு வெளியேறினார். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. நேராக அங்கே போயிருக்கலாம், போகவில்லை. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்ற புதிய கட்சியைத் தொடங்கினார்.

அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "முன்னேற்றக் கழகம்" அப்படியே இருக்கிறது. மாறியது முதல் சொல் மட்டும்தான். திராவிடர் என்ற குடையின் கீழ் எல்லோரும் நிற்கலாம் என்றார்கள், எங்கள் மேல் மட்டும் ஏன் மழை விழுகிறது என்று கேட்பது போல இருக்கிறது அந்தப் பெயர். இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் குடைக்குள் நின்றவர் கேட்ட கேள்வி என்பதால்தான் அதற்கு இத்தனை கனம்.

கட்சி நிலைக்கவில்லை. 1977 தேர்தலுக்குப் பிறகு அதிமுகவில் இணைந்துவிட்டது. ஏன்? தலைவரின் உறுதி போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது நியாயமாகாது. தேர்தல் முறையைப் பாருங்கள்.

[திரையில்: தமிழ்நாட்டு வரைபடம், தனித் தொகுதிகள் நிறத்தில்]

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆனால் அவர்கள் சேரி சேரியாக மாநிலம் முழுக்கச் சிதறி வாழ்கிறார்கள். தனித் தொகுதியில் நிற்பவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். வாக்களிப்பவர்களோ தொகுதியில் உள்ள எல்லோரும். தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்ற அம்பேத்கரின் கோரிக்கை, காந்தி தரப்புடன் செய்துகொண்ட 1932 பூனா ஒப்பந்தத்தில் கைவிடப்பட்டதன் விளைவு இது. வெல்ல வேண்டுமானால் பிற சாதியினரின் வாக்கு வேண்டும், அதற்குப் பெரிய கட்சியின் சின்னம் வேண்டும். சின்னத்தைக் கொடுக்கும் கட்சியை எதிர்த்து எவ்வளவு தூரம் பேச முடியும்? சத்தியவாணி முத்து மோதிய சுவர் இதுதான்.

பிறகு மாநிலங்களவை, 1978 முதல் 1984 வரை. இடையில் சரண் சிங் அரசில் மத்திய அமைச்சர். இவரும் புதுச்சேரியின் அதிமுக எம்.பி. பாலா பழனூரும்தான் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் திராவிடக் கட்சியினர். 1979 ஆகஸ்ட் 19-இல் பொறுப்பேற்றார்கள். மறுநாளே பிரதமர் பதவி விலகினார். காபந்து அரசாகச் சில மாதங்கள் ஓடியது, அவ்வளவுதான். 1984-இல் பழைய பெரம்பூரிலேயே நின்று தோற்றார். 1999-இல் மறைந்தார்.

[திரையில்: கூவம் கரை, காலி மனை]

2019 இறுதியில் தொடங்கி, சத்தியவாணி முத்து நகரின் குடும்பங்கள் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டு நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இங்கே, வீடு மட்டும் அங்கே. இப்போது பெரும்பாக்கத்தில் அவர்களுடைய முகவரியில் அடுக்குமாடித் தொகுப்பின் எண்தான் இருக்கிறது.