பொங்கிய மாவு அமுங்குமா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வாசகர் வட்டத்தைத் தோளில் சுமக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, இன்னொரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே (உங்களிடம் கடைசியில் வருகிறேன்), வேண்டாம் என்றும் பொன்னாடை போர்த்திவிட்ட செயலாளர் தம்பி, அனைவருக்கும் வணக்கம்.

விரிகிற பேரண்டம் ஒருநாள் சுருங்குமா? மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ‘ஏற்றம் உண்டானால் இறக்கம் உண்டு’ என்பது நம் பழமொழி. 1922இல் ருஷ்யக் கணித அறிஞர் ஃப்ரீட்மன், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளைப் போட்டுப் பார்த்து, பேரண்டம் விரியலாம், விரிந்தது திரும்பச் சுருங்கவும் செய்யலாம் என்றார். கணக்குத் தப்பு என்றார் ஐன்ஸ்டைன். மறு ஆண்டே, தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அதற்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

இரண்டாவதற்கு முன் ஒரு கதை. உறவினர் வீட்டுக் கல்யாணம், முதல்நாள் இரவு, கரண்ட் போய்விட்டது. கொல்லையில் சமையற்காரர் டார்ச் அடித்து இட்லி மாவு அண்டாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு பேருக்கான மாவு. “என்ன அண்ணே கவலை?” என்றேன். “பொங்காவிட்டால் மானம் போகும், வாத்தியாரே. ரொம்பப் புளித்தால் பொங்கினதும் அமுங்கிவிடும்” என்றார். விடுவேனா? மாவுக்குள் அரைபடாத வெந்தயம் இரண்டு கிடந்தால், அவை நகராமலே விலகும், நடுவிலுள்ள மாவு பெருகுவதால். விண்மீன் மண்டலங்களும் அப்படித்தான் என்றேன். அவர் டார்ச்சை அணைத்து அண்ணாந்து பார்த்தார். தெருவிளக்கு இல்லாத வானத்தில் பால்வீதி. “இத்தனையும் எங்கே இருந்தது?” என்றார். நாற்பது வருடமாக அதே ஊரில் அடுப்பு மூட்டுகிறவர்! கரண்ட் வந்தது. கல்யாண வீடே கைதட்டியது, நாங்கள் இருவரைத் தவிர. இட்லி பஞ்சுபோல வந்தது, கேட்பீர்கள் என்று சொல்கிறேன்.

ஏற்றம் உண்டானால் இறக்கம் உண்டு. ஈர்ப்பு இழுப்பதால் விரிவின் வேகம் குறைய வேண்டும். 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்த இரு குழுக்கள், வேகம் கூடுகிறது என்று கண்டன. 2011இல் அதற்கு நோபல் பரிசு. தள்ளுகிற அந்த எதற்கோ இருண்ட ஆற்றல் என்று பெயர். பழமொழியை மூட்டை கட்டிவிட்டேன். ஆனால் அமெரிக்காவில் அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்து விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளக்கும் டெசி கருவி, 2024இலும் 2025இலும், இருண்ட ஆற்றல் தளர்கிறதோ என்று சாடை காட்டியிருக்கிறது. உறுதியாகவில்லை. தளர்ந்து, தள்ளுவது போய் இழுக்கவும் தொடங்கினால் சுருக்கம் வரலாம். நம் காலத்தில் அல்ல. வீட்டுக்கடனைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த மலை அருகில் டூசான் என்ற பெருநகரம். வானத்தைக் காக்க 1972லேயே அங்கே வெளிவிளக்குகளுக்குச் சட்டம் போட்டார்கள். உறுப்பினர் அவர்களே, நம் தெருவிளக்குகளில் பாதி வெளிச்சம் மேலே போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆளுக்கொரு தகர மூடி போதும். மூன்று முறை மனுக் கொடுத்தாயிற்று.

தலைவர் மணியடிக்கிறார். மூன்றாவது செய்தி அடுத்த மாதம். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.