வாய்விட்டு வாசித்தால் தெரியும்

வணக்கம் நேயர்களே.

தேர்தல் வந்துவிட்டால் கொழும்பில் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். காலி வீதியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மதிலெல்லாம் சுவரொட்டிக்கு மேல் சுவரொட்டி. கொஞ்ச நாளில் அவ்வளவும் மறந்துபோகும். ஆனால் 2022இல், ஜனாதிபதி கோட்டாபய பதவி விலக வேண்டும் என்று காலிமுகத்திடலில் எழுந்த 'கோட்டா கோ ஹோம்' என்ற கோஷத்தை யாராவது மறந்தோமா? சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது அது. சில சொற்கள் மட்டும் ஏன் இப்படி மனதில் ஒட்டிக்கொள்கின்றன? வகுப்பில் படிப்பித்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி என்னை விட்டதில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரட்சி எழுத்தைக் கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதன் பலமும் அப்போதுதான் தெரியும், அது நம்மை எங்கே மடக்குகிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

தோமஸ் பெயின் என்று ஒருவர். இங்கிலாந்தில் பெண்களின் இறுக்குக் கச்சை தைத்தவர், பிறகு வரி அதிகாரியாக இருந்து வேலை இழந்தவர். 1774இன் கடைசியில், பிரித்தானிய அரசரின் ஆட்சிக்குக் கீழ் இருந்த அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் 'காமன் சென்ஸ்' என்ற சிறு பிரசுரத்தைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். லெக்சிங்டன் என்ற ஊரில் அரசரின் படைக்கும் அமெரிக்கருக்கும் இடையே அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே துப்பாக்கிகள் வெடித்துவிட்டன. ஆனாலும் அரசரோடு எப்படியாவது சமாதானமாகப் போகலாம் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மனதைத்தான் அவர் திருப்ப வேண்டியிருந்தது.

சட்ட நுணுக்கம், லத்தீன் மேற்கோள் இவற்றையெல்லாம் அவர் தள்ளி வைத்தார். விவசாயி வீட்டில் இருந்த புத்தகம் வேதாகமம். அதையே கையில் எடுத்தார். இஸ்ரவேலர் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் உங்கள் பிள்ளைகளை எடுப்பான், உங்கள் வயல்களை எடுப்பான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். அந்தப் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டார் பெயின். கேட்பவர் ஏற்கெனவே நம்பும் ஒன்றிலிருந்து தொடங்கினார், பாருங்கள். எழுத்து தெரியாதவர்களும் பக்கத்தில் ஒருவர் வாசிக்கக் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனுடைய படை தோற்றுத் தளர்ந்து கிடந்தபோது, பெயின் எழுதிய அடுத்த பிரசுரம் சிப்பாய்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதெல்லாம் காதுக்காக எழுதியது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மன்னியுங்கள். காதுக்காக எழுதியது.

இப்போது ஓர் இடத்தை வாசிக்கிறேன். சமாதானம் பேசுகிறவர்களைப் பார்த்து அவர் கேட்பது இது, என் தமிழில்:

"உன் வீடு எரிக்கப்பட்டதா? உன் கண் முன்னால் உன் உடைமை அழிக்கப்பட்டதா? உன் மனைவி பிள்ளைகள் படுக்கப் பாயில்லாமல், உண்ண உணவில்லாமல் தவிக்கிறார்களா? தாயையோ தகப்பனையோ பிள்ளையையோ அவர்கள் கையால் இழந்தாயா?"

கேள்விக்கு மேல் கேள்வி. மூச்சு விட இடமில்லை. நமக்கு இது வெறும் இலக்கியமும் இல்லை. எரிந்த வீட்டை இந்த நாட்டில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்!

சரி, அடுத்த வரியைக் கேளுங்கள். இல்லை என்று பதில் சொன்னால், "அப்படியென்றால் இழந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நீ யார்?" என்கிறார். ஆம், இழந்தேன், ஆனாலும் சமாதானம் வேண்டும் என்று சொன்னால்? கணவன், தகப்பன், நண்பன் என்ற பெயருக்கே நீ தகுதியில்லாதவன், உன்னுடையது கோழையின் நெஞ்சு என்கிறார்.

கவனித்தீர்களா? இழக்காதவன் பேசக்கூடாது. இழந்தவன் பேசினால் கோழை. வெளியே போக இரண்டு வாசல் இருந்தது, இரண்டையும் சாத்திவிட்டார். பெயினுடைய பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நம்புகிறேன். ஆனால் இந்த ஒரு பத்தி எனக்கு அச்சத்தைத் தருகிறது. எல்லாவற்றையும் இழந்த ஒரு தாய், போதும், இனி வேண்டாம் என்று சொன்னால் அவளைக் கோழை என்று சொல்ல எவருக்கு உரிமை? இதே அச்சில் வார்த்த பேச்சுகளை நாம் எல்லாப் பக்கமிருந்தும் கேட்டு வளர்ந்தோம்.

இதற்கு எதிரே கண்ணகியை வைத்துப் பார்க்கிறேன். வழக்குரை காதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு வருகிறாள். 'தேரா மன்னா' என்றுதான் தொடங்குகிறாள். அரசனின் சபையில் அரசனைப் பார்த்து, ஆராய்ந்து பார்க்காதவனே என்கிறாள். அப்புறம் தன் ஊரைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனும், பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழனும் ஆண்ட ஊர் அது. நீதி என்றால் என்ன என்று தெரிந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று ஆகிவிடுகிறது.

கேட்பவரை இணங்க வைக்க அரிஸ்டாட்டில் மூன்று வழி சொன்னார்: பேசுபவர் மீது வரும் நம்பிக்கை, கேட்பவரிடம் எழும் உணர்ச்சி, எடுத்துக்காட்டும் காரணம். கண்ணகியிடம் மூன்றும் இருக்கின்றன. ஆனால் நான் வியப்பது கடைசியாக அவள் செய்வதை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று பாண்டியன் பதில் சொல்கிறான். பதில் சொல்ல அவனுக்கு இடம் இருந்தது! அதற்கு அவள், என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் அவன். உடைக்கிறாள். மணி தெறிக்கிறது. 'யானோ அரசன் யானே கள்வன்.' அவ்வளவு கோபத்திலும் எதிராளி சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை அவள் சபையில் வைத்தாள். அதைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டியது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். 1776 ஜூலையில் வந்த அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஜெபர்சன் 'அவர் இதைச் செய்தார், அவர் இதைச் செய்தார்' என்று அரசர் மேல் குற்றங்களை அடுக்கும் அழகைச் சொல்ல நினைத்தேன். முடியாது போலிருக்கிறது. ஆனால் மீனாட்சி அம்மாளைச் சொல்லாமல் போகமாட்டேன். கோ. நடேசய்யரின் துணைவியார். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதே கடினமாக இருந்த காலம். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனதாகச் சொல்வார்கள். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்தார். அந்தக் கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும், சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டாகப் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களும் அதைத் தாங்கள் குடியிருந்த லய வரிசை வீடுகளுக்குக் கொண்டுபோகலாம். அந்தப் பாட்டுகள் சிறு பிரசுரங்களாகவும் அச்சாகின.

மலையகத்திலோ இங்கே கொழும்பிலோ, உங்கள் வீட்டு அப்பாயிக்கோ தாத்தாவுக்கோ அப்படியான பாட்டு ஓர் அடி ஞாபகம் இருந்தாலும், பாடச் சொல்லிக் கைபேசியில் பதிந்து வையுங்கள். பழைய பெட்டிகளில் பிரசுரம் ஏதும் அகப்பட்டால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். நூலகம் நிறுவனத்தினர் இத்தகையவற்றை மின்வடிவில் சேமித்து வருகிறார்கள், அவர்களிடம் கொடுக்கலாம்.

நன்றி, வணக்கம்.